காருக்குள் கண்ணாடி மங்குவது ஏன்? ஈரம் வரும் வழியும் போகும் வழியும்

போன கார்த்திகையில் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஐந்து பேர் உட்கார வேண்டிய காரில் அப்பத்தாவையும் சேர்த்து ஆறு பேர். குளிர் அப்பத்தாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஏசியை நிறுத்தியிருந்தேன், சாரல் அடிக்கிறது என்று கண்ணாடி நான்கையும் ஏற்றியாயிற்று. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் முன் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினாற்போலப் பரவி, ரோட்டின் ஓரம் எது நடு எது என்றே தெரியாமல் போய்விட்டது. "ஏசியைப் போடு தம்பி" என்றார் சித்தப்பா. "ஏசி போட்டாத்தான் இன்னும் மங்கும், ஹீட்டரைப் போடுங்க மாப்ளே" என்றார் மச்சான். அப்பத்தா முந்தானையை நீட்டி, "இந்தாப்பா, இதுல தொடச்சுக்க" என்றார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

சித்தப்பா, மச்சான் இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏசி போட்டால் மங்கல் போகும் என்பதும் சரி, ஏசி போட்டால் மங்கும் என்பதும் சரி, ஆனால் அவை இரண்டும் வேறு வேறு மங்கல். இது பிரிபடாமல் போவதால்தான் மழைக்காலம் வந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள், ராத்திரி நேரத்தில் கண் தெரியாமல் ஓட்டுகிறோம், காருக்குள் பூசண வாடை வந்தால் சென்ட் பாட்டில் வாங்கி மாட்டுகிறோம். பத்தாம் வகுப்புப் பாடம் ஞாபகம் இல்லாதவருக்கும் புரிகிற மாதிரி இதை அடியிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

செம்பும் இட்லிக் கொப்பரையும்

சித்திரை மாதத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீரைச் செம்பில் ஊற்றி வைத்தால், சற்று நேரத்தில் செம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறது. செம்பில் ஓட்டை இல்லை, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கசியவும் இல்லை. அந்தத் தண்ணீர் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகக் காற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது, குளிர்ந்த செம்பைத் தொட்டதும் அது மறுபடி துளியாகிவிடுகிறது. இப்படி ஆவி தண்ணீராக மாறுவதற்கு ஆவி சுருங்குதல் என்று பெயர்.

இட்லிக் கொப்பரையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், அங்கும் இதே கதைதான். உள்ளே ஆவி நிறைய, மூடி அதைவிடக் குளிர்ச்சி, அதனால் மூடியின் உள்பக்கம் சொட்டுகிறது. செம்பில் குளிர்ச்சி உள்ளே, ஈரம் வெளியே. கொப்பரையில் ஈரம் உள்ளே, குளிர்ச்சி வெளியே. கார் சில நேரம் செம்பாக இருக்கிறது, சில நேரம் கொப்பரையாக இருக்கிறது. எந்த நேரம் எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காற்றால் எவ்வளவு ஆவியைத் தாங்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கன மீட்டர் காற்று, அதாவது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள பெட்டிக்குள் இருக்கிற அளவு காற்று, 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 30 கிராம் ஆவி வரை தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம். 20 டிகிரியில் 17. 10 டிகிரிக்கு வந்துவிட்டால் 9 கிராம்தான். காற்று குளிரக் குளிர அதன் மடி சிறுத்துக்கொண்டே போகிறது, மடி கொள்ளாதது துளியாக விழுகிறது. ஒரு காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் துளி விடத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்பார்கள்.

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் வெளிக்காற்றின் பனிநிலை பெரும்பாலும் 23, 24 டிகிரியை ஒட்டி நிற்கும். கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்தால் போதும், மங்கிவிடும். இந்த 24 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: மங்கலுக்கு இரண்டு பேர் சேர வேண்டும், ஈரமான காற்று ஒன்று, பனிநிலையைவிடக் குளிர்ந்த பரப்பு ஒன்று. இரண்டில் ஒருவரைப் பிரித்தால் மங்கல் இல்லை.

ஆறு பேரும் ஒரு சின்ன அறையும்

"மழைத்தண்ணி எங்கேயோ உள்ளே இறங்குது போல" என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். சில நேரம் அது உண்மை, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பெரும்பாலும் அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்தவர்கள் நாம்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 40, 50 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். ஆறு பேர் என்றால் மணிக்குக் கால் லிட்டர், அதாவது ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். சின்ன காரின் உள்பக்கம் மொத்தமே ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்றுதான். 25 டிகிரியில் அது தாங்குவது 70 கிராம் சொச்சம், அதிலும் மழைநாள் காற்று ஏற்கெனவே முக்கால் வாசிக்கு மேல் நிரம்பித்தான் உள்ளே வருகிறது. மீதி இருக்கிற இடத்தை நிரப்ப ஆறு பேருக்குச் சில நிமிஷம் போதும். வெளியே மழை கண்ணாடியைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் என்ன, கொப்பரை மூடிதான்.

இதில் நனைந்த குடையை சீட்டுக்கடியில் போடுவது, பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போய் மழையில் நனைந்த வேட்டியோடு ஏறுவது, ஈரத்துண்டைப் பின் சீட்டில் காயப்போடுவது எல்லாம் சேரும். முன் கண்ணாடி முழுவதும் மங்கச் சில கிராம் தண்ணீரே போதும். ஒரு ஈரத்துண்டைப் பிழிந்தால் எவ்வளவு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பத்தாவின் முந்தானை அன்றைக்கு ஏன் உதவவில்லை என்பதும் இதில் இருக்கிறது. துடைத்தால் கண்ணாடியில் இருந்த தண்ணீர் துணிக்குப் போகிறது, துணி காருக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து ஆவியாகி மறுபடி கண்ணாடிக்கு வருகிறது. தண்ணீர் காரை விட்டு வெளியே போகவில்லை. ஓட்டிக்கொண்டே துடைப்பதில் இன்னொரு ஆபத்து: கையிலும் துணியிலும் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஏறி, எதிர் வண்டி வெளிச்சத்தில் கோடு கோடாகப் பூக்கும், மங்கலைவிட அது மோசம்.

முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள்

மங்கல் எந்தப் பக்கம்? என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி, ஆனால் யாரும் கேட்பதில்லை. உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு விழுந்தால் மங்கல் உள்ளே. விழாவிட்டால் வெளியே, வைப்பரை ஒரு தரம் போட்டால் உறுதியாகிவிடும்.

வெளிப்பக்கம் மங்கினால் கார் செம்பாகிவிட்டது என்று அர்த்தம். ஏசியை 18, 20 என்று வைத்து, காற்று முன் கண்ணாடியின் மேல் படுகிற மாதிரி ஓட்டினால் கண்ணாடி 24 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது, வெளியே இருக்கும் ஈரக்காற்று அதன் மேல் வியர்க்கிறது. மச்சான் சொன்ன மங்கல் இது. இதற்கு ஏசியைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்: 25, 26 என்று வைத்து, காற்றுத் திசையைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்பிவிட்டு, வைப்பரை ஓரிரு தடவை போட்டால் தீர்ந்தது. வெளிப்பக்கத் தண்ணீர் வெளியிலேயே இருப்பதால் வைப்பரே போதுமான வைத்தியம்.

மார்கழி விடிகாலையில் தெருவில் நிற்கும் கார் முழுக்கப் பனித்துளி நிற்பதும் இந்த வகைதான், அங்கே ஏசியே இல்லாவிட்டாலும். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் காரின் மேற்கூரையும் கண்ணாடியும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. மரத்தடியிலோ கொட்டகையிலோ நிற்கும் கார் அந்த அளவுக்கு நனைந்திருக்காது, கவனித்துப் பாருங்கள்.

உள்பக்கம் மங்கினால் கார் கொப்பரை. அதற்கு வைத்தியம் வேறு.

ஏசி குளிர்விக்கிறது, கூடவே பிழிகிறது

ஏசி என்றாலே குளிர் என்றுதான் நினைக்கிறோம். அது செய்கிற இன்னொரு வேலை நமக்கு இங்கே முக்கியம். டாஷ்போர்டுக்குள், ப்ளோவர் தள்ளும் காற்றின் வழியில், மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு பெட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் கூலிங் காயில் என்கிறார்கள். ஏசி ஓடும்போது அது உறைநிலைக்குச் சில டிகிரி மேலே வரை குளிர்ந்திருக்கும். காருக்குள் இருக்கும் ஈரக்காற்று அதன் ஊடே போகும்போது, செம்பின் மேல் நடப்பது அங்கே நடக்கிறது: ஆவி துளியாகித் தகட்டில் வழிந்து, கீழே ஒரு தட்டில் சேர்ந்து, ரப்பர் டிரெயின் ஓஸ் வழியாகக் காருக்கு அடியில் சொட்டிவிடுகிறது. கன மீட்டருக்கு 23 கிராம் ஈரத்தோடு போன காற்று 9, 10 கிராமோடு திரும்பி வருகிறது. துணியைப் பிழிந்து உதறின மாதிரி அந்தக் காற்று காய்ந்து போயிருக்கிறது, கண்ணாடியில் பட்டதும் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

துடைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே தண்ணீர் காரை விட்டே வெளியேறிவிடுகிறது. ஆகவே கார் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டினால் ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம், சொட்டுவதுதான் சரி.

"அப்பத்தாவுக்குக் குளிருமே" என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஏசி ஓடும்போதே வெப்பநிலைக் குமிழை நடுவுக்கோ சற்றுச் சிவப்புப் பக்கமோ திருப்பலாம். அப்போது காற்று முதலில் கூலிங் காயிலில் பிழியப்பட்டு, அப்புறம் இன்ஜின் சூட்டில் ஓடும் ஹீட்டர் வழியாகப் போய் வெதுவெதுப்பாக வரும். உலர்ந்த, சூடான காற்று: கண்ணாடிக்கு இதைவிட நல்லது கிடையாது, யாரும் நடுங்கவும் வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலானோர் அந்தச் சிவப்புப் பக்கத்தைத் தொட்டதே இல்லை, கார் வாங்கி ஐந்து வருஷம் ஆனவர்கள்கூட. முன் கண்ணாடிப் படம் போட்ட பட்டனை அழுத்தினால் பல கார்களில் ஏசியும் தானாகவே ஓடத் தொடங்குவது இந்தக் காரணத்தால்தான்.

ஏசி இல்லாமல் வெறும் ஹீட்டர் மட்டும் போட்டால் போதாதா? குளிர் நாட்டு வீடியோக்களில் அப்படிச் சொல்வார்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி ஹீட்டரைப் போடு, சரியாகிவிடும் என்று. அவர்களுக்கு அது சரிதான். அங்கே வெளிக்காற்று 5 டிகிரி என்றால் அதில் கன மீட்டருக்கு 7 கிராமுக்கு மேல் ஈரம் இருக்க முடியாது, அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் காய்ந்த காற்று. நம் கார்த்திகை மழையில் வெளிக்காற்றே 20 கிராமுக்கு மேல் சுமந்துகொண்டு வருகிறது. ஜன்னலைத் திறந்தால் ஆறு பேரின் மூச்சு வெளியேறும், அந்த அளவுக்கு உதவும், ஆனால் வெளியே இருக்கிற ஈரத்துக்குக் கீழே உள்ளே இறங்காது. நம் ஊருக்கு ஏசிதான் வழி.

இன்னொரு பட்டன், காருக்குள் அம்புக்குறி வளைந்து சுற்றுகிற படம் போட்டது. அது உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். ஏசி நிறுத்தியிருக்கும்போது அது போட்டிருந்தால் எல்லோருடைய மூச்சும் உள்ளேயே சேரும், எங்கள் காரில் அன்றைக்கு நடந்தது அதுதான். மழையில் அதை அணைத்து வெளிக்காற்று வர விடுங்கள், ஏசி அந்தக் காற்றையும் பிழிந்துதான் உள்ளே விடும்.

ஒரு விஷயம் பலரைத் திடுக்கிட வைக்கும். ஏசி ஓடி, கண்ணாடி தெளிந்து, டீசல் மிச்சம் என்று ஏசியை மட்டும் அணைப்பார்கள், ப்ளோவர் ஓடும். சற்று நேரத்தில் கண்ணாடி மொத்தமும் மறுபடி வெளுத்துவிடும். காயில் தகடுகளில் இன்னும் சொட்டாமல் நின்ற தண்ணீரை ப்ளோவர் மறுபடி ஆவியாக்கி நம் மேலேயே ஊதுவதால் வருவது அது. மழையில் ஓட்டும்போது ஏசியை இடையில் நிறுத்தாதீர்கள்.

சுருக்கமாக: உள்பக்க மங்கலுக்கு ஏசி ஓட வேண்டும், சூட்டை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம், காற்று முன் கண்ணாடிக்குப் போக வேண்டும், உள்சுழற்சி அணைந்திருக்க வேண்டும். கண் தெரியாவிட்டால் முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

காலையில் எடுக்கும்போதே மங்கியிருந்தால்

ஆள் யாரும் ஏறாமலே, ராத்திரி பூட்டி நிறுத்திய கார் காலையில் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா? அப்படியானால் காருக்குள் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் பெரும்பாலும் கால் வைக்கும் தரை.

என் காரில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாசம் ஆயிற்று. பூசண வாடை என்று ஒரு கடையில் விட்டேன், ஏசி கேஸ் நிரப்பி, வாசனை மருந்து அடித்துக் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் வாடை திரும்பி வந்துவிட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். ரப்பர் மேட்டை எடுத்தால் கார்பெட் தொடக் காய்ந்தமாதிரிதான் இருந்தது. ஆனால் கட்டை விரலை வைத்து அழுத்தினேன், விரலைச் சுற்றித் தண்ணீர் குளம் கட்டியது, எடுத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது. கார்பெட்டுக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச் இருக்கிறது, அது மேலே காட்டிக்கொள்ளாமல் லிட்டர் கணக்கில் குடித்து வைத்துக்கொள்ளும். ஓரத்தைத் தூக்கிப் பழைய துண்டை வைத்து ஒற்றி ஒற்றிப் பிழிந்தேன், அரை வாளி வந்தது.

தண்ணீர் எங்கிருந்து? மூன்று வழிகளில் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு. மழை பெய்யாத நாளிலும் ஏசி ஓட்டிய பிறகு முன் சீட்டுக் கால்பக்கம் நனைகிறது, தண்ணீர் தெளிவாக, வாசனை இல்லாமல் இருக்கிறது, காருக்கு அடியில் சொட்டுவது நின்றுவிட்டது என்றால் டிரெயின் ஓஸ் அடைத்திருக்கிறது. தூசியும் சருகும் அடைக்கும், குளவி மண் கூடு கட்டியும் அடைக்கும். மெல்லிய, வளையும் குழாயைக் கீழிருந்து மெதுவாக விட்டால் திறந்துகொள்ளும், கம்பியால் குத்தினால் ஓஸ் கிழியும்.

மழை பெய்தால் மட்டும், ஏசி போடாவிட்டாலும் நனைகிறது என்றால் வெளியிலிருந்து இறங்குகிறது. என் காரில் இதுதான். வைப்பருக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கும், அதற்கடியில் மழைத்தண்ணீர் ஓடி இரண்டு பக்கமும் இறங்க வாய்க்கால் உண்டு. நான் புளியமரத்தடியில் நிறுத்துகிறவன். வேப்பிலை சல்லடை மேலேயே நின்றுவிடும், கையால் அள்ளிவிடலாம். புளிய இலை அப்படியில்லை, அரிசி போல உதிர்ந்து ஓட்டைக்குள் புகுந்து, உள்ளே மக்கிச் சேறாகி வாய்க்காலை அடைத்துவிடும். தண்ணீர் தேங்கி, காற்று போகிற வழியாகக் காருக்குள் இறங்கும். சல்லடையைக் கழற்றி இரண்டு கைப்பிடி கறுப்புச் சேற்றை எடுத்தேன். கதவு ரப்பர் பீடிங் கிழிந்திருந்தாலும் இப்படி வரும். ஒருவர் உள்ளே உட்கார, மற்றவர் வெளியே கப்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தண்ணீர் நிறமாக, பிசுபிசுவென்று, இனிப்பு வாடையோடு இருந்து, கண்ணாடியிலும் எண்ணெய் பூசினாற்போல மங்கல் படிந்தால், அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம். அது நம் கைவேலை இல்லை, உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும், இன்ஜின் சூடாகிவிடும்.

இந்த ஈரத்தை அலட்சியமாக விட்டால் வாடையோடு முடியாது. தரைத் தகடு துருப்பிடிக்கும். துரு ஒரு மின்வேதி வினை, அதற்கு ஈரம் வேண்டும், ஈரத்தில் உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம், ராமேஸ்வரம் அடிக்கடி போய்வரும் வண்டிகளைப் பார்த்தால் தெரியும். இந்தத் துருவையும் ஆராய்கிற ஒரு பெரிய நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது, 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

காயவைப்பதில் ஒரு தவறு

நனைந்த காரை நல்ல வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி, பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெயில் கார்பெட் தண்ணீரை ஆவியாக்கும், ஆவி போக வழியில்லை, சாயங்காலம் குளிர்ந்ததும் கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் படிந்து, வழிந்து, மறுபடி கார்பெட்டுக்கே வந்து சேரும். மூடி போட்டு அவித்த கதைதான். நம் ஊரில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளை வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கும்போது உள் அறைகளிலிருந்து வருகிற வாடை ஞாபகம் இருக்கிறதா, அதே வீட்டில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் அந்த வாடை அவ்வளவாக இருக்காது. வானம் பார்த்த முற்றம் ஈரத்தை வெளியே அனுப்பிவிடுகிறது. காருக்கும் ஒரு முற்றம் வேண்டும். கதவு நான்கையும் திறந்துபோட்டு, கார்பெட் ஓரத்துக்கடியில் ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கி வைத்து, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனும் வைத்தால் இரண்டு மூன்று வெயில் நாளில் ஸ்பாஞ்ச் காயும். எனக்கு நான்கு நாள் ஆனது.

உப்பும் சிலிக்கா ஜெல்லும் பற்றிக் கேட்பார்கள். மழைக்காலத்தில் ஜாடியில் கல் உப்பு நீர்த்துப் போவதைப் பார்த்திருக்கிறோம், காற்றின் ஈரம் அது தாங்கக்கூடிய அளவில் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கும். இப்படித் தாங்கும் அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். ஆனால் உப்பு நீர்த்துக் காருக்குள் வழிந்தால் துருவை நாமே அழைத்து வந்த மாதிரி, அதனால் உப்பு வேண்டாம். சிலிக்கா ஜெல் நல்லது, ஈரக்காற்றில் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை இழுக்கும். அரைக் கிலோ பை என்றால் 150 கிராம் சொச்சம், அதை ஆறு பேர் முக்கால் மணி நேரத்துக்குள் வெளியே விட்டுவிடுவார்கள். ஓடுகிற காருக்கு அது காணாது. பல நாள் நிறுத்தி வைக்கிற காருக்கு, அதுவும் தரை காய்ந்த பிறகு வைத்தால் உதவும்.

மழையில்லாத நாட்களில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வீடு வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஏசியை அணைத்து, உள்சுழற்சியையும் அணைத்து, ப்ளோவரை மட்டும் ஓடவிடுங்கள், காயில் காய்ந்துவிடும், பூசணம் பிடிக்காது. மழை நாளில் இதைச் செய்யக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். கண்ணாடியின் உள்பக்கத்தை மாசம் ஒரு தரம் பிசுக்குப் போகச் சுத்தமான துணியால் துடையுங்கள், அழுக்குக் கண்ணாடியில்தான் மங்கல் சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்த தடவை ஏசி போட்டு ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியதும், இறங்கிக் குனிந்து காருக்கடியில் பாருங்கள். செம்மண்ணில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டிருந்தால் அது இல்லாவிட்டால் உள்ளேயே தங்கியிருக்கக்கூடிய தண்ணீர். நன்றாக ஓட்டியும் தரை காய்ந்தே கிடந்தால், மேட்டைத் தூக்கிக் கட்டை விரலை வைத்து அழுத்திப் பாருங்கள்.